மார்ச், ஏப்ரலில் மலையகத்து ஆரம்பப் பாடசாலையில் ஒரு வாரம் எப்படிப் போகும்?

கேள்வி வெள்ளவத்தையிலிருந்து வந்திருக்கிறது. வேலை மாற்றத்தில் ஹட்டனுக்கு வரப்போகும் ஒரு தந்தை கேட்கிறார். மகள் தரம் 3, மகன் தரம் 1. மார்ச் தொடக்கத்தில் வீடு மாற வேண்டும். முதலாந் தவணையின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிள்ளைகள் தடுமாறுவார்களா, அங்கே வாரம் முழுக்க என்னதான் படிப்பிப்பார்கள், மகளைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்கு இப்போதே அனுப்பத் தொடங்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தடுமாற மாட்டார்கள். என்னைக் கேட்டால், வெளியூரிலிருந்து வரும் பிள்ளையை இங்கே சேர்க்க மார்ச்சைவிட நல்ல மாதம் கிடையாது. ஜனவரியில் வந்தால் இடாப்பு, பாடநூல் விநியோகம், ஆசிரியர் இடமாற்றம் என்று பாடசாலையே ஒரு நிலைக்கு வந்திருக்காது. ஜூனில் வந்தால் தென்மேல் பருவமழை. சப்பாத்து காயாது, பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வந்த ஊரே பிடிக்காமல் போய்விடும். மார்ச்சில் காலை குளிரும், பகல் வெயிலும். வகுப்பாசிரியருக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அதற்குள் மனப்பாடமாகியிருக்கும். அதோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வேறு ஏதேதோ நடந்துகொண்டிருக்கும் மாதம் அது. புதுப் பிள்ளை சேர்ந்து பழக அதைவிட என்ன வேண்டும்?

நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து, பிறகு ஆசிரிய ஆலோசகராக இந்தப் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஏறி இறங்கியவன். இங்கே ஏறி இறங்குவது என்பது உண்மையாகவே ஏறி இறங்குவதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஹட்டன் நகரத்துப் பெரிய பாடசாலை வேறு, பத்துக் கிலோமீற்றர் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கும், பெரும்பாலும் தரம் 5 வரை மட்டுமே உள்ள வகை 3 பாடசாலை வேறு. முன்னதில் ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று வகுப்புகள், நடன ஆசிரியர், வாத்தியக் குழு, ஸ்கூல் வேன் வரிசை எல்லாம் இருக்கும். பின்னதில் ஐந்து தரத்துக்கு மூன்று ஆசிரியர் இருந்தாலே பெரிய காரியம். ஒரே அறையில் ஒரு பக்கம் தரம் 3, மறுபக்கம் தரம் 4, நடுவில் ஒரு டீச்சர். பல்தரக் கற்பித்தல் என்று இதற்குப் பயிற்சிகூட உண்டு. தோட்ட நிர்வாகங்கள் நடத்திவந்த இந்தப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் தொடங்கிக் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியோடு எழுந்து, பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தாலும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது உருப்படியாகக் கிடைக்க இன்னொரு தலைமுறை பிடித்தது. இப்போதும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆரம்பப் பிரிவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சில சின்னத் தோட்டப் பாடசாலைகளின் தரம் 1 வகுப்பறையை நகரப் பாடசாலைகளே பார்த்துப் படிக்கலாம்.

சரி, வாரத்துக்கு வருவோம்.

காலை ஏழரைக்கு மணி அடிக்கும். தரம் 1, 2 பிள்ளைகள் பொதுவாகப் பதினொன்றரையை ஒட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேல் தரங்கள் இன்னும் கொஞ்சம் இருக்கும், தரம் 5 ஒன்றரை வரை. பாடசாலைக்குப் பாடசாலை இது கொஞ்சம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளையும் வெவ்வேறு நேரத்தில் விடுவார்கள் என்பதை மட்டும் இப்போதே கணக்கில் எடுங்கள். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இங்கே முதல் தலைவலி இதுதான்.

திங்கட்கிழமை பெரிய காலைக்கூட்டம். தேவாரம், தேசிய கீதம், பாடசாலைக் கீதம், பிறகு அதிபர் பேச்சு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஹட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் மார்ச் காலைக் குளிர் இரண்டிலும் கடிக்கும். அதிபர் பேச்சு நீண்டால் முன்வரிசைத் தரம் 1 பிள்ளைகள் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். கூட்டத்தில் ஒவ்வொரு வகுப்பும் முறை வைத்து ஏதாவது செய்யும்: நற்சிந்தனை, ஒரு பாட்டு, செய்தி வாசிப்பு. தரம் 3 பிள்ளை மேடையேறி நான்கு வரி வாசிப்பதை அலட்சியமாக நினைக்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒலிவாங்கியில் தங்கள் குரலைக் கேட்கும் முதல் தடவை அது.

அதன்பின் சாப்பாடு. அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் 2024 மார்ச்சிலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிவாக்கப்பட்டது. சோறு, பருப்பு, கீரை, முட்டை, ஒருநாள் கடலை அல்லது பயறு. பெரும்பாலும் பிள்ளைகளின் அம்மாமார்தான் சமையல் பொறுப்பை எடுத்துச் செய்கிறார்கள். உங்கள் மகள் வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்று முதல் வாரம் அடம்பிடிப்பாள். இரண்டாம் வாரம் எல்லோரோடும் சேர்ந்து தட்டை நீட்டுவாள். காலைச் சாப்பாடு இல்லாமல் இருட்டோடு கிளம்பிவரும் பிள்ளைகள் இங்கே நிறைய. அம்மா கொழுந்து பறிக்கப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, ஓட வேண்டும், அப்பா கொழும்பில் கடையில் நிற்பார், சமைத்துக் கொடுக்கப் பாட்டிக்கு முடியாது. அந்தப் பிள்ளைக்குப் பாடம் ஏறுவதும் ஏறாததும் அந்த ஒரு தட்டுச் சோற்றில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு வகுப்பில் கொட்டாவி விடுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அது என்ன சாப்பிட்டது என்று கேட்கச் சொல்லி இளம் ஆசிரியர்களிடம் நான் ஓயாமல் சொன்னதுண்டு.

பாடங்கள் என்று பார்த்தால் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம் ஆகியவற்றை வகுப்பாசிரியரே எடுப்பார். ஆங்கிலம் தரம் 1, 2இல் வாய்மொழியாக, ஆடல் பாடலாகப் போகும். தரம் 3இலிருந்துதான் ஆங்கிலப் பாடநூல். சிங்களமும் உண்டு, ஆசிரியர் இருந்தால். கொழும்பிலிருந்து வரும் உங்கள் பிள்ளைகள் சிங்களத்தில் வகுப்பைவிட முன்னால் நிற்பார்கள். அதை வைத்தே நண்பர்களைப் பிடித்துவிடுவார்கள், பாருங்கள்.

ஆரம்பக் கல்வியில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று வழியில் கற்கச் சொல்கிறது கலைத்திட்டம். தரம் 1, 2 என்ற முதலாம் முதன்மை நிலையில் விளையாட்டுக்கு முதலிடம். தரம் 3, 4இல் மூன்றும் ஏறத்தாழச் சமம். தரம் 5க்கு வரும்போது மேசை வேலை மேலோங்கும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் மாதம் தரம் 1 பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்து, இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறான், இந்த டீச்சர் ஒன்றும் படிப்பிப்பதில்லை என்று சண்டைக்கு வரும் பெற்றோர் ஏராளம். கொப்பி நிறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த வயதில் விரல் இன்னும் பென்சிலுக்குப் பழகவில்லை. மணலில் எழுதுவது, புளியங்கொட்டை அடுக்குவது, களிமண் உருட்டுவது எல்லாம் எழுத்துக்கு முந்திய வேலை. எழுத்தைக்கூட அகரவரிசையில் தொடங்காமல் ட, ப, ம என்று நேர்கோட்டில் வரைகிற எழுத்துகளில் தொடங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மகன் வீட்டுக்கு வந்து ‘பட்டம்’ என்று எழுதிக் காட்டுவான், ‘அம்மா’ எழுதத் தெரியாது என்பான். பதறாதீர்கள்.

மகளின் தரம் 3இல் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: வாசிப்பு. தெரியாத ஒரு பந்தியைக் கொடுத்தால், எழுத்துக் கூட்டாமல் வாசித்துவிட்டு, அதில் என்ன நடந்தது என்று தன் சொல்லில் சொல்ல வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் தரம் 3 பிள்ளைக்கு இது வந்துவிட்டால் அந்த வருடம் நன்றாகப் போகும். வராவிட்டால் கணிதமும் விழும், சுற்றாடலும் விழும். கணக்குத் தெரியாமல் விழுவதில்லை, கேள்வியை வாசிக்க முடியாமல் விழும். இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாளாவது முதல் பாடவேளையில் பிள்ளைகளைச் சோடி சோடியாக உட்காரவைத்து ஒருவருக்கொருவர் வாசிக்கச் செய்வார். உங்கள் மகளின் வகுப்பில் அது நடக்கிறதா என்று கேளுங்கள். புள்ளி எவ்வளவு என்பதைப் பிறகு கேட்கலாம்.

செவ்வாய், புதன் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடம், வீட்டு வேலை, இடைவேளை, மறுபடி பாடம். நல்ல ஆசிரியராக இருந்தால் அதில் ஒரு நாள் வெளியே போவார்கள். போவதற்கு இங்கே பஸ் பிடிக்க வேண்டியதில்லை. வாசலைத் தாண்டினால் தேயிலை மலை, அதற்கு நிழலாக முருக்கும் சவுக்கும், பக்கத்தில் ஒரு பீலி, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்.

இந்தப் பீலி விஷயத்தை ஒரு தோட்டப் பாடசாலையில் பார்த்தேன். தரம் 4 வகுப்பு, நீர் பற்றிய பாடம். சேர் பாடநூலைத் திறக்கவே இல்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை தொழிலாளர் லய வீடுகளுக்குக் கீழே உள்ள பீலிக்குக் கூட்டிப்போனார். வாளி நிறையும்வரை எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டி எண்ண வேண்டும். பெப்ரவரி வறட்சியில் தொண்ணூறைத் தாண்டிய எண்ணிக்கை, ஏப்ரல் மழைக்குப் பிறகு முப்பதுக்குள் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை எண்ணி, வகுப்புச் சுவரில் சோக்கட்டியால் பத்துக்கு ஒரு கட்டமாக நிரல் வரைந்திருந்தார்கள். ஒரு பையன் அந்த நிரலைக் காட்டி, “இந்தக் கிழமதாங்க சேர் எங்கம்மா விடிய மூணு மணிக்கு எந்திரிச்சுத் தண்ணிக்கு வரிசையில நின்னாங்க” என்றான். வரைபு என்றால் என்ன என்று அந்த வகுப்புக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் தண்ணீர் வற்றும், ஏப்ரலில் பின்னேர இடியோடு மழை வந்து பீலி திரும்ப ஊறும் என்பது இந்தப் பிள்ளைகளின் வீட்டு விஷயம். அதைப் பாடமாக்கத் தெரிந்தவர் இருந்தால் போதும். நகரப் பாடசாலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர், இந்தப் பாடம் அங்கே கிடைக்காது.

வியாழன் வெள்ளிகளில் பெப்ரவரி கடைசியிலிருந்தே ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி. மலையகத்தில் தட்டையான நிலம் தங்கம். பல பாடசாலைகளுக்குச் சொந்த மைதானமே இல்லை, தோட்டத்து மைதானத்துக்கு இறங்கிப் போவார்கள். பந்து தேயிலைக்குள் உருண்டால் ஆட்டம் ஐந்து நிமிடம் நிற்கும். ஆரம்பப் பிரிவுக்குத் தனி நிகழ்ச்சிகள்: தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடுவது, சாக்கு ஓட்டம், தவளைப் பாய்ச்சல், போத்தலில் தண்ணீர் நிரப்புவது, கயிற்றில் தொங்கும் பணிசைக் கை வைக்காமல் கடித்துத் தின்பது. கடைசியில் வினோத உடை. சிவப்பு, நீலம், பச்சை என்று இல்லங்களைக் கிரேப் கடதாசியால் சோடித்து, பெற்றோரும் சேர்ந்து மாரடிப்பார்கள். அந்த இரண்டு வாரமும் பாடம் குறையும், உண்மைதான். அதற்காக அதிபரிடம் முறையிடாதீர்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு ஓர் இல்லம் கிடைக்கும், நிறம் கிடைக்கும், பெயரைச் சொல்லிக் கத்த இருபது பேர் கிடைப்பார்கள். ஒரு தவணை முழுவதும் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும் இந்த அளவுக்குப் பழக்கம் வராது.

இதே காலத்தில்தான் காமன் கூத்தும். மாசி அமாவாசைக்குப் பின் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிப்போடு முடியும். இடைப்பட்ட இரவுகளில் ரதியும் மன்மதனும் தப்பு ஒலிக்கு ஆடிவருவார்கள். முழு இரவும் விழித்திருந்த பிள்ளை மறுநாள் மேசையில் தலை சாய்க்கும். இளம் ஆசிரியர்களுக்கு இதில் கோபம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் கோபப்படாமல், முதல் இரண்டு பாடவேளைக்கு நேற்றுப் பார்த்ததைச் சொல்லச் சொன்னார். வாயே திறக்காத பிள்ளை என்று அவர் நினைத்திருந்த ஒருத்தி எழுந்து, ரதி எப்படி அழுதாள் என்று பாட்டோடு நடித்துக் காட்டினாள். கிளிப்பிள்ளைபோல ஒப்புவிப்பது அல்ல, கதையை முன்பின் மாறாமல் கோத்துச் சொல்கிற வேலை. தரம் 4 தமிழ்ப் பாடத்தில் வேறு என்னத்தை எதிர்பார்க்கிறோம்? நீங்கள் நகரத்தில் வீடு எடுத்தாலும் ஒரு இரவாவது பிள்ளைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். கொழும்பில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை பல பாடசாலைகளில் சரஸ்வதி படத்துக்கு முன் சின்னதாகப் பூசை, அவல் அல்லது கடலை. கத்தோலிக்க, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தனியாக வழிபாடு. பிறகு வகுப்பைக் கூட்டித் துடைத்து, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு முடிப்பார்கள். மாதத்தில் ஒரு தரம் சிரமதானம், அதற்குப் பெற்றோரும் வர வேண்டும். மண்வெட்டி கொண்டுவரச் சொன்னால் கொண்டுபோங்கள். வங்கி முகாமையாளரும் கொழுந்து பறிக்கும் அம்மாவும் ஒன்றாக நின்று புல் வெட்டும் இடம் ஊரில் அது ஒன்றுதான்.

வரவு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. சம்பளம் போடும் பத்தாம் தேதியை ஒட்டிக் குறையும், அம்மாவோடு டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட வராது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் போகும் பஸ்கள் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், அதாவது டிசெம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை, வார இறுதிகளில் நிரம்பி வழியும். வெள்ளி பின்னேரமும் திங்கள் காலையும் அந்த வழியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் படும் பாட்டைச் சொல்லி மாளாது. உங்கள் வீடு அந்தப் பக்கம் என்றால் மாணவருக்கான சிசு செரிய பஸ் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

மார்ச் கடைசியில் எனக்குப் பிடித்த நாள் ஒன்று வரும். மாணவர் சந்தை. பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்திலிருந்து லீக்ஸ், கரட், மல்லிக்கீரை, கொய்யா, அம்மா சுட்ட வடை என்று கொண்டுவந்து விரித்து வைப்பார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் வாங்குவார்கள். அதிபருக்கு இது படம் எடுக்கும் விழா, எனக்கு இது கணிதப் பரீட்சை. ஒரு சந்தையில் தரம் 3 பிள்ளை ஒருத்தியிடம் 80 ரூபாவுக்கு ஒரு கட்டு லீக்ஸும், 20 ரூபாப்படி இரண்டு கொய்யாவும் வாங்கி 500 ரூபாத் தாளை நீட்டினேன். வகுப்பில் மூன்றிலக்கக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். ஒரு கணம் மேலே பார்த்தாள். “நூத்தி இருவதுக்கு எம்பது போட்டா எரநூறு. அதுக்கு மேல முந்நூறு” என்று 80ஐத் தனியாக, 300ஐத் தனியாக எண்ணி என் கையில் வைத்தாள். 380, சரிதான். கடையில் அப்பாவுக்கு உதவும்போது கற்றது. அவளுக்குக் கழித்தல் தெரியும், கொப்பியில் எழுதும் முறைதான் தெரியாது. அடுத்த வாரம் டீச்சர் அவளுடைய முறையையே கரும்பலகையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். கீழிருந்து மேலே ஏறிக் கழிப்பது. அன்றைக்கு அந்த வகுப்பில் பாதிப் பேருக்குக் கழித்தல் விளங்கியது. உங்கள் மகள் என்ன விற்கிறாள் என்று பார்க்காதீர்கள், மீதிக் காசை எப்படி எண்ணிக் கொடுக்கிறாள் என்று பாருங்கள்.

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். முதல் தேதி பாடசாலை வாத்தியக் குழுக்களின் அணிவகுப்போடு தொடங்கும். பிறகு குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பு முழுவதும் அங்கே. நுவரெலியா நகரப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் படிப்பில் மனம் போகாது. ஹட்டனில் இந்தக் கூத்து குறைவு, வாகன நெரிசல் மட்டும் எட்டிப் பார்க்கும். தேயிலைக்கோ மழை விழுந்ததும் கொழுந்து பொங்கும் காலம். அம்மாமார் வீடு திரும்பப் பிந்தும், பிள்ளைகளின் வீட்டு வேலை அரைகுறையாக வரும். இந்த மாதத்தில் வீட்டு வேலை குறைத்துக் கொடுக்கும் ஆசிரியர்கள் ஊர் தெரிந்தவர்கள்.

புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய வாரம் தவணைப் பரீட்சை வைக்கும் பாடசாலைகள் உண்டு. வழமையான நாட்காட்டியில் முதலாந் தவணை ஜனவரியில் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டோடு முடியும். கொவிட், பிறகு 2022 நெருக்கடி காரணமாகச் சில வருடங்கள் இது பின்னால் தள்ளிப் போனது. தரம் 1 மகனுக்குப் பரீட்சை என்று யாரும் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் வகுப்பில் செய்வதைப் பார்த்தே கணிப்பிட வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று அவர்கள் குறித்துவைக்கும் பட்டியலை. பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் காட்டுவார்கள். மகளுக்கு வினாத்தாள் வரக்கூடும். கொழும்பில் வேறு வேகத்தில் போயிருப்பாள், ஓரிரு அலகு முன்பின்னாக இருக்கும். பாடநூல் நாடு முழுவதும் ஒன்றுதான், அதனால் பெரிய பள்ளம் ஒன்றும் இருக்காது. அரசாங்கம் 1980இலிருந்து எல்லாப் பாடசாலைக்கும் இலவசமாகக் கொடுத்துவரும் பாடநூல்தான். கையோடு கொண்டுவாருங்கள், இங்கே நடுவில் இன்னொரு பிரதி கிடைப்பது கஷ்டம்.

இனிப் புலமைப்பரிசில். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: தரம் 3இல் வேண்டாம். பரீட்சை தரம் 5இல். உங்கள் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. இங்கே பின்னேரமானால் வகுப்புகள் நடக்கும், மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாக விற்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்று உங்களுக்கும் கை பதறும். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பரீட்சை உண்மையாகவே ஒரு கதவு. வசதியில்லாத பாடசாலையிலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு மாற அதற்கு வேறு வழி குறைவு, மாதா மாதம் உதவிப்பணமும் கிடைக்கும். வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. உங்கள் பிள்ளை ஏற்கெனவே நகரத்துப் பாடசாலையில் இருக்கப் போகிறது. அவளுக்கு அந்த அவசரம் இல்லை. எட்டு வயதில் வினாத்தாளுக்கு விடை போடப் பழகிய பிள்ளை பத்து வயதில் கதைப் புத்தகத்தைத் தொடாது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில் மாதம் இரண்டு புத்தகம் வாங்கிக் கொடுங்கள், பொது நூலகத்தில் சேருங்கள். தரம் 4 முடியும்போது இந்தக் கேள்வியை மறுபடி எடுத்தால் போதும். ஆசிரியர் நண்பர்கள் சிலர் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னேர வகுப்பு இருக்கிறது.

சில்லறை விஷயங்கள். ஸ்வெட்டர் இரண்டு வேண்டும், ஒன்று நனைந்தால் மற்றது. குடையைவிட மழைக்கோட் நல்லது, காற்று குடையைத் திருப்பிவிடும். ஏப்ரல் மழைக்குப் பிறகு புல்லில் அட்டை ஏறும். சவர்க்காரத்தைக் கணுக்காலில் தடவிவிட்டால் போதும், மகள் முதல் தடவை அலறுவாள், பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துவிடும் அளவுக்குத் தேறிவிடுவாள். பாடசாலைக்குப் பின்னால் மண்சரிவு ஆபத்துள்ள மேடு இருக்கிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாடு பட்ட பாட்டுக்குப் பிறகு இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடும் மழை நாளில் வலயக் கல்வி அலுவலகம் விடுமுறை அறிவிப்பது உண்டு. அந்தச் செய்தி பெரும்பாலும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வரும், சேர்ந்த அன்றே உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சேர்க்கைக்கு விடுகைப் பத்திரம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், புது வீட்டு முகவரிக்கான ஆதாரம், இருவருடைய முன்னேற்ற அறிக்கைகள். முதலில் அதிபரைப் பார்த்து வெற்றிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே விடுகைப் பத்திரம் எடுங்கள். எடுத்த பிறகு இங்கே இடமில்லை என்றால் இரண்டு பாடசாலைக்கும் நடுவில் நிற்க வேண்டிவரும். அதிபரிடம் இன்னும் இரண்டு கேளுங்கள்: மகளின் வகுப்பாசிரியர் வருடக் கடைசிவரை இருப்பாரா, இடையில் யாராவது பிரசவ விடுமுறையில் போகிறார்களா. திங்கட்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். செவ்வாய் அல்லது புதன், பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து வகுப்புக்குப் போன பிறகு, ஒன்பதரை மணி வாக்கில் போனால் அதிபர் உட்கார வைத்துப் பேசுவார்.